பர்க்கும் ஆர்க்காட்டு ஏரிகளும்

தனிமனிதனின் விருப்பமே அரசியலின் அடித்தளம் என்னும் தாராளக் கொள்கையை மறுக்கும் பழமைவாதிகள், எட்மண்ட் பர்க்கைத் தம் முன்னோடியாகப் போற்றுவர். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790-ல் அவர் எழுதிய நூலே அதற்குக் காரணம். இன்று வாழ்வோர் தம் மனம்போல் எழுதிக் கிழிக்கும் ஒப்பந்தமன்று சமுதாயம். மறைந்தோரும் இனிப் பிறப்போரும் அதில் பங்காளிகளே என்பது அவர் வாதம்.

இவ்வெண்ணத்தின் வித்தினை ஐந்தாண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டைக் குறித்த அவரது உரையொன்றில் காணலாம். 1785 பிப்ரவரி 28-ல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் பேசியபோது, இப்பகுதியின் ஏரிகளை அவர் வியந்து விரித்துரைத்தார். (இந்தியாவில் அவர் கால் வைத்ததேயில்லை!) பின்வரும் தலைமுறைகளுக்காக ஏரி வெட்டிய பண்டை மன்னர்களை ஒருபுறம் நிறுத்தினார், நவாபுக்குக் கொடுத்த கடனின் பெயரால் குடிகளின் விளைச்சலை உறிஞ்சிய பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனியாரை மறுபுறம் நிறுத்திச் சாடினார். பழமை பேணுவோர் யாவரும் ஆதிக்கத்துக்குக் குடைபிடிப்போர் என்பார் இவ்வுரையைப் படித்ததில்லை போலும்.

ஆயினும், இறந்தோர் உயிரோடிருப்போரை ஆளலாமா என்று 1791-ல் தாமஸ் பெயின் தொடுத்த வினா வலுவானது. முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் ஏரியும் உண்டு, விலங்கும் உண்டு. அந்த ஏரிநீர் சாதியின் பெயரால் எவரெவருக்கு மறுக்கப்பட்டது என்று பர்க் வினவவேயில்லை.