வாரிசு என்றால் யார்? ரேகாவை முன்வைத்து ஒரு குறிப்பு

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் 'வாரிசு' என்ற சொல்லுக்கு சினிமா அர்த்தம் இரண்டாம் பட்சம்தான். பணியில் இருக்கும்போது அப்பா இறந்துபோனால் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை, அதற்காகத் தாலுகா ஆபீஸில் வாங்கவேண்டிய சான்றிதழ், இதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் காகிதத்துக்காக அலைந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பிள்ளையாகப் பிறந்தால் மட்டும் போதாது, லிஸ்ட்டில் பேர் இருக்கணும்.

வாரிசு நடிகர்களைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடுகிறோம். அதற்கு நல்ல உதாரணம் நடிகை ரேகா. அப்பா ஜெமினி கணேசன், அம்மா புஷ்பவல்லி. இரண்டு பேருமே பிரபலம். காகிதத்தில் பார்த்தால் இவரைவிடப் பெரிய வாரிசு யார்? ஆனால் நடந்தது வேறு.

அம்மாதான் முதலில் ஸ்டார்

1947-இல் ஜெமினி ஸ்டுடியோ 'மிஸ் மாலினி' என்றொரு படம் எடுத்தது. கதை ஆர்.கே.நாராயண், இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. நாயகி புஷ்பவல்லி. 1942-லேயே அதே நிறுவனத்தின் 'பால நாகம்மா' தெலுங்குப் படத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். அதே 'மிஸ் மாலினி'யில் சின்ன வேடம் ஒன்றில் தலைகாட்டியவர், அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் கணேசன். பிற்பாடு அந்த ஸ்டுடியோ பெயரே அவருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது.

அதாவது, இருவரும் சந்தித்த காலத்தில் அம்மா நட்சத்திரம், அப்பா ஊழியர். சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அவர் 'காதல் மன்னன்' ஆனார். இவருடைய வாய்ப்புகள் குறைந்தன. கணேசனுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது, புஷ்பவல்லியோடு திருமணம் நடக்கவில்லை. 1954 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்த பானுரேகாவைச் சிறு வயதில் அவர் மகளாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், யூசர் ஐடி இருக்கு, பர்மிஷன் எதுவும் இல்லை.

முதல் படம் யார் எடுத்தது?

இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க, வாரிசுகளுக்குள்ளேயே இரண்டு ஜாதி இருப்பது தெரியும். ரேகாவைவிட இரண்டு வயது மூத்த ரிஷி கபூர் நாயகனாக அறிமுகமான 'பாபி' (1973) படத்தைத் தயாரித்து இயக்கியவர் அவருடைய அப்பா ராஜ் கபூர். ரேகாவைவிட இரண்டு வயது இளைய பிரபுவின் முதல் படம் 'சங்கிலி' (1982). கூடவே நடித்தவர் சிவாஜி. இவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. விழுந்தால் பிடிக்கக் கீழே வலை இருந்தது, அவ்வளவுதான்.

ரேகா குழந்தையாக 'இன்டி குட்டு' (1958), 'ரங்குல ராட்னம்' (1966) என்ற தெலுங்குப் படங்களில் தோன்றினார். வீட்டில் பணக் கஷ்டம். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நடிக்கப் போனார். 1969-இல் ராஜ்குமாருடன் ஒரு கன்னடப் படம். பிறகு பம்பாய். அங்கே பதினைந்து வயது வாக்கில் நடித்த முதல் இந்திப் படத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு முத்தக் காட்சியை எடுத்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய யாசர் உஸ்மான் பதிவு செய்கிறார். அந்தப் படம் பத்து வருஷம் முடங்கிக் கிடந்து 1979-இல்தான் வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையிடம் யாராவது இப்படி நடந்துகொள்ளத் துணிவார்களா? லிஸ்ட்டில் பேர் இல்லை என்பதன் விலை இதுதான்.

தானே சம்பாதித்தது

1970-இல் வெளிவந்த 'சாவன் பாதோன்' வெற்றி பெற்றது. ஆனாலும் அவருடைய கறுத்த நிறத்தையும் உடம்பையும் இந்தியையும் பத்திரிகைகள் கிண்டலடித்தன. தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்த பெண். அடுத்த பத்து வருஷத்தில் அவர் செய்த வேலைதான் நான் ஆச்சரியப்படுவது. 'தோ அஞ்சானே' (1976), 'கர்' (1978), 'கூப்சூரத்' (1980) என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1981-இல் முசாபர் அலியின் 'உம்ராவ் ஜான்'. லக்னோ கணிகையாக, உருதுவில் பேசி நடித்து, சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினார். கிண்டலடிக்கப்பட்ட அதே மொழிதான் கடைசியில் அவருடைய பலம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அவர் குரலை மற்றவர்களுக்கும் இரவல் வாங்கினார்கள். 1986 டிசம்பரில் ஸ்மிதா பாட்டீல் இறந்துபோனார். அவர் நடித்து முடித்திருந்த ஒரு படத்துக்கு ரேகாதான் பின்னணி பேசினார். 1988-இல் வெளியான அந்தப் படத்தின் பெயர் 'வாரிஸ்'. நம்ம வாரிசு என்ற சொல்லும் அதே சொல்தான், அரபியிலிருந்து வந்தது.

1994-இல் சென்னையில் ஃபிலிம்ஃபேர் விழா. ஜெமினி கணேசனுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. அதை மேடையில் அவர் கையில் கொடுத்தவர் ரேகா. அதற்குள் அப்பா பெயர் அவருக்குத் தேவைப்படாத இடத்துக்கு வந்துவிட்டார். பிறகு 2010-இல் பத்மஸ்ரீ, 2012 முதல் 2018 வரை மாநிலங்களவை உறுப்பினர். சொந்த ஊர் சென்னையாக இருந்தும் தமிழில் நாயகியாக ஒரு படம்கூட இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

அதனால் இனிமேல் யாரையாவது 'வாரிசு நடிகர்' என்று ஒரே பெட்டியில் போடுவதற்கு முன்னாடி மூன்று கேள்வி கேளுங்க. முதல் படத்துக்குப் பணம் போட்டது யார்? டைட்டிலில் யார் பெயரோடு வந்தார்? அந்தப் படம் ஓடவில்லை என்றால் இரண்டாவது படம் கிடைத்திருக்குமா? பிறப்பு ஒன்றாக இருக்கலாம், ஆனால் சொத்தாகக் கைமாறுவது இந்த மூன்றும்தான். ரேகாவுக்கு மூன்றுமே கிடைக்கவில்லை. புகழ்பெற்ற இரண்டு பேருக்குப் பிறந்தும், வீட்டுச் செலவுக்காக வேலைக்குப் போன பிள்ளை அவர்.