விஷப் பல்லி கொடுத்த மருந்து!

ஒரு பல்லியின் விஷத்தை ஆராய்ந்ததில், சர்க்கரை நோய்க்குப் புது மருந்து கிடைத்தது!

இது கட்டுக் கதை அல்ல. உண்மையாக நடந்தது.

அந்தப் பல்லியின் பெயர், "ஹீலா". அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் உள்ள பாலைவனத்திலும், அதை ஒட்டிய மெக்சிகோ நாட்டிலும் வாழ்கிறது. ஹீலா என்பது அங்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர்.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியைப் போல அது சிறியது அல்ல. சுமார் 1½ அடி நீளம் இருக்கும். கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். பாசிமணிகளைக் கோத்துப் போர்த்தியது போன்ற தோல். வால் மட்டும் பருத்து இருக்கும்.

ஹீலா கடித்தால் லேசில் விடாது. கவ்விக் கொண்டே இருக்கும். கீழ்த் தாடையில் சுரக்கும் விஷம், பல் வழியாகக் காயத்தில் இறங்கும். கடிபட்டவர்கள் இறப்பது மிக அரிது. ஆனால், வலியில் துடித்துப் போவார்கள்.

ஆண்டில் சில தடவைகளே இது வயிறாரச் சாப்பிடும். பறவை முட்டையும் குஞ்சும் கிடைத்தால் ஒரே மூச்சில் விழுங்கும். மிஞ்சும் கொழுப்பை வாலில் சேர்த்து வைத்துக் கொள்ளும். பிறகு வளைக்குள் போய்ப் படுத்து விடும்.

இந்தப் பல்லிக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கமும் ஆபத்து

வயிற்றுக்குள், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு, கணையம். அதில் "இன்சுலின்" என்ற ஹார்மோன் சுரக்கிறது. சாப்பாட்டில் இருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை, உடம்பு பயன்படுத்திக் கொள்ள உதவுவது இன்சுலின்தான். அது போதாமல் போனாலோ, சரியாக வேலை செய்யாமல் போனாலோ, ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கண், சிறுநீரகம், இதயம், கால் எல்லாம் கெடும்.

சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. இறங்கிப் போனாலும் ஆபத்துதான்! ஊசியில் போடும் இன்சுலின் அளவு கூடி விட்டால் உடம்பு வியர்க்கும். கை நடுங்கும். மயக்கம் வரும். உயிரே போய் விடலாம்.

சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்து விடக் கூடாது. அப்படி ஒரு மருந்து உண்டா? டாக்டர்கள் தேடினார்கள்.

2 நிமிட ஹார்மோன்

அந்த வேலையைச் செய்யும் ஹார்மோன் நம் குடலிலேயே இருக்கிறது! அதன் பெயர், "ஜி.எல்.பி.-1".

குடலுக்கு உணவு வந்ததும் இது சுரக்கும். "சாப்பாடு வந்து விட்டது. இன்சுலினை விடு" என்று கணையத்துக்குச் சேதி சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கும்போதுதான் இப்படித் தூண்டும். சர்க்கரை குறைந்து விட்டால், தூண்டுவதை நிறுத்திக் கொள்ளும்.

இதையே ஊசியில் போட்டால் என்ன?

அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் கலந்த 2 நிமிடத்தில் இந்த ஹார்மோனில் பாதி அழிந்து விடும். நிமிடத்துக்கு நிமிடம் யாரால் ஊசி போட முடியும்?

டாக்டர் ஜான் எங்

நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே முன்னாள் ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. ரத்தத்தில் துளி அளவே இருக்கும் ஹார்மோனையும் அளந்து காட்டும் முறையை உருவாக்கி, 1977-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானி, அங்குதான் ஆராய்ச்சி செய்தார். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், டாக்டர் ஜான் எங்.

ஹீலா பல்லியின் விஷம் கணையத்தைத் தூண்டுகிறது என்று, அவருக்கு முன்பே சில விஞ்ஞானிகள் எழுதி இருந்தார்கள். டாக்டர் எங் அதைப் படித்தார். "விஷத்துக்குள் ஏதோ ஒரு ஹார்மோன் ஒளிந்து இருக்கிறது" என்று சந்தேகப்பட்டார். விஷத்தை வாங்கிச் சோதித்தார்.

சந்தேகம் சரிதான்! உள்ளே ஒரு புதுப் பொருள் இருந்தது. அதற்கு "எக்செண்டின்-4" என்று பெயர் வைத்து, 1992-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

அதன் அமைப்பில் பாதி, நம் குடல் ஹார்மோனைப் போலவே இருந்தது. அதே வேலையையும் செய்தது. ஆனால் 2 நிமிடத்தில் அழியவில்லை. மணிக்கணக்கில் நின்றது!

கைவிட்ட துறை

இனி மருந்து வந்து விடும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை.

ஆஸ்பத்திரியை நடத்தும் அரசுத் துறை, இதற்குக் காப்புரிமை பெற முன்வரவில்லை. ராணுவ வீரர்களுக்கு என்றே ஏற்பட்ட நோய் அல்ல, சர்க்கரை நோய் என்று ஒதுங்கி விட்டது.

டாக்டர் எங் மனம் தளரவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு, 1993-ம் ஆண்டில் தாமே மனுப் போட்டார். மருந்துக் கம்பெனிகளை அணுகினார். பல்லி விஷம் என்றதும் யாரும் துணியவில்லை.

1996-ம் ஆண்டில் ஒரு மருத்துவ மாநாடு நடந்தது. அங்கே தம் ஆராய்ச்சியை எழுதிப் பலகையில் ஒட்டி வைத்தார். அதைப் பார்த்த "அமிலின்" என்ற கம்பெனி அவருடன் ஒப்பந்தம் செய்து கொண்டது.

2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. "எக்செனடைடு" என்ற பெயரில் ஊசி மருந்து விற்பனைக்கு வந்தது. தினம் 2 வேளை போட வேண்டும். இதற்காகப் பல்லியைப் பிடிப்பது இல்லை. அதே பொருளைத் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள்.

வரிசையாகப் புது மருந்துகள்

பல்லி காட்டிய வழி பெரிய வழி ஆயிற்று. மனிதக் குடல் ஹார்மோனையே சற்று மாற்றி, சீக்கிரம் அழியாதபடி விஞ்ஞானிகள் செய்தார்கள். 2010-ம் ஆண்டில், தினம் ஒரு முறை போடும் "லிராகுளுடைடு" அமெரிக்காவுக்கு வந்தது. 2017-ம் ஆண்டில், வாரம் ஒரு முறை போடும் "செமாகுளுடைடு" வந்தது. 2019-ம் ஆண்டில் அதையே மாத்திரையாகவும் கொண்டு வந்தார்கள்.

இவை பசியையும் அடக்கும். அதனால் உடல் எடை குறைகிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பரில், உலக சுகாதார நிறுவனம் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

உஷார் தேவை

இது எல்லோருக்கும் ஏற்ற மருந்து அல்ல. சிறு வயதில் வரும் சர்க்கரை நோயில், பெரும்பாலும் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. அவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். புது மருந்தின் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தினால், உயிருக்கே ஆபத்து.

குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருகின்றன. சிலருக்குக் கணையத்தில் வீக்கம் ஏற்படலாம். இன்சுலினோடு சேர்த்துப் போட்டால், சர்க்கரை மிகவும் இறங்கி விடவும் கூடும். மருந்தை நிறுத்தினால் இறங்கிய சர்க்கரை மீண்டும் ஏறும். ஆகவே, டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அளவான சாப்பாடும், தினசரி நடையும் எப்போதும் வேண்டும்.

ஹீலா பல்லி இன்று எப்படி இருக்கிறது?

ஒரு காலத்தில் அதைக் கண்டாலே அடித்துக் கொன்றார்கள். 1952-ம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், அதைக் காப்பாற்றச் சட்டம் போட்டது. அந்தப் பல்லியின் வாயில் ஒரு மருந்து இருக்கிறது என்பது, அன்று யாருக்கும் தெரியாது!