உள்ளே விட்ட துணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் பார்த்துத் தையல் மெசினைப் போட்டு வைத்திராத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்ட சிங்கர் கம்பெனியார், தவணைப் பணத்துக்கு விற்கும் வியாபார சாமர்த்தியத்தால், சொற்ப சம்பளம் வாங்கிய கிளாக்கர்மாரின் இல்லங்களுக்குள்ளும் அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மெசின் கடையில் கிடைத்தது. கைப்பழக்கமோ பரம்பரையாக வந்தது. உத்தியோக நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலை போன்றவற்றில் எழுத்தோடு ஊசியையும் பழகிய அம்மம்மாமார் இருந்தார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளிலோ, முதல் நன்மை வாங்கும் சிறுமியின் வெள்ளைச் சட்டைக்கு ரேந்தை வைத்துத் தைப்பது தாயின் கௌரவமாயிருந்தது.

இவ்வித்தையின் உயிர்நிலை பூவேலையில் இருப்பதாகப் பலரும் கருதுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கிற அம்மம்மா, கீழ் விளிம்பில் நாலு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து, பக்கங்களிலும் தாராளமாக விட்டு, அடுத்த வருஷம் பிரித்து இறக்குவதற்கு வசதியாக ஐதான கைத்தையலால் அடக்கி வைப்பாளே, அந்த முன்யோசனையில்தான் அவளுடைய புத்தி முழுவதும் இருக்கிறது. அச்சட்டை தங்கைக்கு இறங்கி, தலையணை உறையாகி, கடைசியில் குசினியில் சட்டி பிடிக்கும் துணியாகத்தான் ஆயுளை முடிக்கும். அம்மம்மா கற்பிக்கும் முறையும் விசேஷமானது: பேத்தி தைத்துக் கொடுத்ததைப் புரட்டி உட்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள், முடிச்சுத் துருத்திக்கொண்டிருந்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டிவிடுவாள்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் துணி அருமைப்பட்ட 1970–77 காலத்தில், தகப்பனின் நீளக் காற்சட்டை மகனின் அரைக் காற்சட்டையாக உருமாறியதெல்லாம் இந்தக் கல்வியின் பிரயோசனமே. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மறுவருஷம் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. பல தேசத்தார் அணியும் உடைகளை இன்று இந்நாட்டுப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிறார்கள். அவர்களுடைய கைவேகத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் ஒருத்தி கழுத்துப்பட்டியும் மற்றொருத்தி சட்டைக் கையும் மூன்றாமவள் தெறியுமாகப் பகிர்ந்து தைக்கும் அந்த வரிசையில், முழுச் சட்டையை அளந்து வெட்டித் தைத்து முடிக்கும் பாக்கியம் ஒருத்திக்கும் வாய்ப்பதில்லை. சிக்கனம் கருதி வெட்டப்படும் ஆயத்த ஆடையில் உள்ளே விட்ட துணியும் கிடையாது.

காலி வீதித் தையற்காரரிடம் சேலைச் சட்டைக்கு அளவு கொடுக்கும் பெண்கள், “பக்கத்தில கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கோ” என்று இன்னமும் சொல்லத் தவறுவதில்லை. விட்ட துணியைப் பிரித்துத் தளர்த்தும் காலம் வரும்போதும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.