சீனாவில் நல்ல கொரியன் உணவகம் தேடுறீங்களா? ஸ்டாரை மட்டும் நம்பாதீங்க!

வேலை, படிப்பு, கண்காட்சி என்று சீனாவுக்குப் போகிற பலருக்கு ஒரே வாரத்தில் வரும் ஏக்கம், 'காரமா, சோறோடு ஏதாவது கிடைக்காதா?' என்பதுதான். இதற்குக் கைகொடுப்பவை கொரியன் உணவகங்கள். பெய்ஜிங், ஷாங்காயில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாமே நல்ல கடையா? சீன மொழி தெரியாத ஒருவர் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தக் கொரியன்?

சீனாவில் 'கொரியன்' என்ற போர்டுக்குப் பின்னால் இரண்டு சமையல்கள் இருக்கின்றன.

ஒன்று, தென் கொரிய சமையல். 1992-ல் சீனாவும் தென் கொரியாவும் தூதரக உறவைத் தொடங்கின. அதன்பின் நிறுவனங்களோடு கொரியக் குடும்பங்களும் வந்தன; அவர்களுக்காகக் கடைகளும் வந்தன.

இன்னொன்று, சீனக் கொரியர்களின் சமையல். 19-ம் நூற்றாண்டிலிருந்தே எல்லை தாண்டி வடகிழக்குச் சீனாவில் குடியேறியவர்களின் வாரிசுகள் இவர்கள். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 17 லட்சம் பேர். யான்பியன் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரான யான்ஜிதான் இவர்களின் உணவுக்குப் பேர்போன ஊர். புளிப்பும் இனிப்புமான ஜில் சூப்பில் வரும் நூடுல்ஸ், சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிச் சுட்ட ஆட்டுக்கறி இவர்களின் ஸ்பெஷல். 'சியோல் டேஸ்ட் இல்லையே' என்று இதை ஒதுக்க வேண்டாம். இது போலி அல்ல, தனி மரபு.

எந்த ஏரியா?

பெய்ஜிங்கில் வாங்ஜிங், பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த வூதாவ்கோ. ஷாங்காயில் ஹோங்சுவான் சாலை. ஷேன்யாங்கில் ஷீத்தா. இங்கெல்லாம் கொரிய எழுத்தில் போர்டுகளைப் பார்க்கலாம்.

ஆனால் போர்டு மட்டும் போதாது. 2017-ல் தாட் ஏவுகணைத் தடுப்பு விவகாரத்தில் இரு நாட்டு உறவு கசந்தது, பிறகு கொரோனா வந்தது. கொரியர்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். போர்டு அப்படியே இருக்க, சமையல்காரரும் ருசியும் மாறியிருக்கலாம். அதனால் உள்ளே சாப்பிடுவது யார் என்று பாருங்கள். வார நாளில், மதிய நேரத்தில், கொரிய மொழி பேசும் ஆபீஸ் கூட்டம் இருந்தால் தைரியமாக உட்காரலாம்.

எந்த ஆப்?

சீனாவில் கூகுள் மேப்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது. ரோமிங்கில் திறந்தாலும் கடை விவரங்களை நம்ப முடியாது. உள்ளூர்க்காரர்கள் பார்ப்பது 'தியன்பிங்'. ஆங்கிலத்தில் தேடினால் பலன் குறைவு. 'கொரிய உணவு' என்பதை மொழிபெயர்ப்பு ஆப்பில் சீனத்துக்கு மாற்றி, காப்பி செய்து போடுங்கள். விமர்சனங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 'நல்ல ரிவ்யூ போட்டால் ஒரு டிஷ் ஃப்ரீ' என்று கேட்கும் கடைகள் உண்டு. ஆகவே ஸ்டாரைவிட, வாடிக்கையாளர்கள் சமீபத்தில் எடுத்த படங்களையும் குறைந்த மதிப்பெண் விமர்சனங்களையும் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு செலவாகும் என்பதும் அதிலேயே இருக்கும்.

மெனுவில் என்ன பார்க்கணும்?

கொரியாவில் ஒரே ஒரு சூப்புக்காகவே பெயர் வாங்கிய கடைகள் ஏராளம். இங்கும் மெனு சின்னதாக இருந்தால் நல்ல அறிகுறி. பார்பிக்யூ, சீஸ் சிக்கன், சுஷி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் கொஞ்சம் யோசிக்கலாம். பிறகு, சாப்பாட்டுக்கு முன் வரும் கிம்ச்சி முதலான சின்னத் தொடுகறிகள். கொரிய வழக்கப்படி இவை இலவசம், கேட்டால் மறுபடியும் வைப்பார்கள். அவற்றின் ருசியிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.

சைவமா?

இங்கேதான் கவனம் தேவை. சீனத்தில் 'ரோ' என்றால் இறைச்சி. ஆனால் பேச்சுவழக்கில் பெரும்பாலும் பன்றிக்கறியைத்தான் குறிக்கும். 'ரோ வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மாட்டுக்கறியோ மீனோ வரலாம். கிம்ச்சியில் பொதுவாக உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேரும். சோயா விழுது குழம்பின் அடிப்படையே பல இடங்களில் நெத்திலிச் சாறுதான். பன்றி, மாடு, கோழி, மீன், இறால், நெத்திலி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு 'வேண்டாம்' என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். கறி சேர்க்காத பிபிம்பாப் ஓரளவு பாதுகாப்பான தேர்வு. அதன் மேல் கிம்ச்சி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பில் கட்டுவது?

அலிபே, வீசாட் பே இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். இந்தியாவில் வாங்கிய அட்டை என்றால், கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். பொதுவாக 200 யுவானுக்கு மேல் போனால் 3% கூடுதல் கட்டணம் உண்டு. நாலு பேர் பார்பிக்யூ சாப்பிட்டால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே பில்லைப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சுருக்கமாக: ஏரியாவை வரலாறு காட்டும், கடையை ஆப் காட்டும். உள்ளே போகலாமா என்பதை அங்கே சாப்பிடுகிறவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.