நரை வந்தும் விழாத பால் பல்

பல் வலி என்று போனவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இது உங்கள் பால் பல், இன்னும் விழவே இல்லை” என்று மருத்துவர் சொன்னால், முதலில் சிரிப்புதான் வரும். மீசை நரைக்கிற வயதில் பால் பல்லா? இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. பலருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்குப் பால் பற்கள் 20. ஆறு வயதுவாக்கில் ஆட ஆரம்பித்து, பெரும்பாலும் 12 வயதுக்குள் எல்லாம் விழுந்துவிடும். விழுந்த பல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வேர் இருக்காது. சொரசொரப்பான ஒரு குழிதான் தெரியும். வேர் எங்கே போனது? கீழே வளரும் நிரந்தரப் பல்லைச் சுற்றியுள்ள திசு, பல்லைக் கரைக்கும் செல்களை வரவழைக்கிறது. அவை பால் பல்லின் வேரைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிடுகின்றன. பிடிமானம் போனதும் பல் ஆடி விழுகிறது.

அடியிலிருந்து வர வேண்டிய பல்லே உருவாகவில்லை என்றால்? வேர் கரையும் வேலை மந்தமாகிவிடும். பால் பல் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். ஞானப்பல்லைத் தவிர்த்துப் பார்த்தாலும், நூற்றில் ஐந்தாறு பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது பிறவியிலேயே இருப்பதில்லை. கீழ்த்தாடையின் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்தான் இப்படி அதிகம் விடுபடுகிறது. எம்.எஸ்.எக்ஸ்.1, பாக்ஸ்9 போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் இதற்குக் காரணமாகலாம். அதனால் ஒரே குடும்பத்தில் பலருக்கும் வருவதுண்டு.

இன்னொரு வகையில் பல் இருக்கும், வழிதான் மாறியிருக்கும். மேல்தாடைக் கோரைப்பல் சிலருக்கு அண்ணத்துப் பக்கம் சாய்ந்து எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது பால் கோரைப்பல் தன் இடத்தை விடாது.

அரிதாக இது ஒரு பிறவிக் குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் டஸ்டினாக நடித்த கேட்டன் மேட்டராஸோவுக்கு இருப்பது ‘கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா’. ரன்எக்ஸ்2 என்ற மரபணுவில் வரும் கோளாறு இது. காறை எலும்பு சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். பால் பற்கள் விழாது. நிரந்தரப் பற்களும் அவற்றோடு கூடுதல் பற்களும் தாடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

சரி, விழாத பல்லைப் பிடுங்கிவிடலாமா? வேர் உறுதியாக இருந்து, சொத்தையும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவைப்பார்கள். 20 வயதைத் தாண்டி நிலைத்த பால் கடைவாய்ப்பல் இன்னும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதன் எனாமல் மெல்லியது. தேய்மானமும் சொத்தையும் சீக்கிரம் வரும். சில பற்கள் தாடை எலும்போடு ஒட்டிப்போய்விடும். பக்கத்துப் பற்கள் தாடையோடு உயர, இது மட்டும் பள்ளத்தில் நிற்பதுபோலத் தெரியும். கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்கும். நிலைமையைப் பொறுத்து பல்லின் உயரத்தைக் கூட்டுவதா, கம்பி போட்டு இடைவெளியை மூடுவதா, செயற்கைப் பல் பொருத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

பிறவியிலேயே இல்லாத பல்லை முளைக்கவைக்கும் முயற்சியும் நடக்கிறது. பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் யுசாக்-1 என்ற புரதத்தை முடக்கும் மருந்து, எலிகளிடமும் ஃபெரெட் என்னும் விலங்கிடமும் பலன் தந்தது. 2024-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் முதல்கட்டம் தொடங்கியது. அந்த மருந்து கைக்கு வரும்வரை, வாரிசில்லாத அந்த இடத்துக்குப் பால் பல்தான் ஒரே சொந்தப் பல். அடியில் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் அதைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.