பட்டறையில் பிடிமானம்



அம்பத்தூரைச் சேர்ந்த எங்கள் மேனாம்பேட்டில் பட்டறை ஓசை புதிதன்று. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனமும், 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையும் இவ்வட்டாரத்தில் பொறித்தொழிலை வேரூன்றச் செய்தன. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நானும் வீட்டின் பின்கட்டில் ஒரு துளைப்பொறியும் சிறிய மில்லிங் பொறியும் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் இரும்புத் தகடொன்றைக் கையால் அழுத்திக்கொண்டு துளையிட்டேன். துளை மறுபுறம் திறக்கும் நொடியில் அலகு தகட்டைக் கவ்விச் சுழற்றிற்று. இடக்கை விரலில் நான்கு தையல்! அன்றே, பிடிக்கும் கருவிகளை நானே செய்துகொள்வதென்று உறுதி பூண்டேன். கடையில் விற்பவை என் பொறியின் மேசைக்குப் பொருந்தவில்லை.

மேசையின் மேல், தலைகீழாக நிறுத்திய ஆங்கில டீ எழுத்தைப் போன்ற காடிகள் உண்டு. அவற்றுள் நுழையும் மரைத்துண்டே டீ-நட். என் மேசைக் காடியின் வாய் 14 மி.மீ.; அதற்கு ஏற்றது 12 மி.மீ. போல்ட். மெல்லிரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து, அதன் கழுத்து காடியில் தடையின்றி ஓடுமாறு செய்தேன். 10.2 மி.மீ. துளையிட்டு, டாப் கொண்டு மரை வெட்டினேன். இங்கே ஓர் எச்சரிக்கை: மரையை அடிவரை முழுமையாக வெட்டலாகாது, கடைசிப் புரிகளைக் குறையாக விடவேண்டும். இல்லையேல் போல்ட் கீழே இறங்கிக் காடியின் அடியில் முட்டி, நட்டை மேல்நோக்கித் தள்ளும். மேசையோ வார்ப்பிரும்பு; அதன் உதடு உடைந்துபோகும்.

அடுத்து, கிளாம்ப். ஒரு முனை பொருளின் மீதும், மறுமுனை முட்டுக்கட்டையின் மீதும் அமரும், இடையில் போல்ட். நான் வசதி கருதி, போல்ட்டைக் கட்டையின் அருகே வைத்து இறுக்கினேன். வெட்டும்போது பொருள் நழுவியது, வெட்டலகு முறிந்தது. பக்கத்து வீட்டு இளைஞர், என் பழைய மாணவர், பார்த்துவிட்டு, “ஐயா, நெம்புகோல் பாடம் தாங்கள் நடத்தியதுதானே?” என்றார். நாணினேன்.

கணக்கு எளிது. இரு முனைகளுக்கும் இடைவெளி 100 மி.மீ. என்க. போல்ட் பொருளிலிருந்து 25 மி.மீ. தொலைவில் இருந்தால், அதன் விசையில் முக்கால் பங்கு பொருளைச் சேரும். 75 மி.மீ. தள்ளி வைத்தால் கால் பங்கே சேரும். எஞ்சியது கட்டையைத்தான் அழுத்தும். ஆனால் ஸ்பானர் பிடித்த கைக்கு இரண்டும் ஒரே இறுக்கமாகவே தோன்றும். கை ஏமாறும், அளவு ஏமாறாது. கட்டையின் உயரமும் பொருளைவிடச் சற்றுக் கூடுதலாக இருத்தல் நலம்; குறைந்தால் கிளாம்ப் சாய்ந்து, பொருளின் விளிம்பை மட்டுமே தொடும்.

வீட்டிலே பட்டறை வைத்திருக்கும் அன்பர்களே, பொறியை ஓட்டுமுன் பொருளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பொறியைத் தொடாதீர்கள். விரலில் உள்ள தழும்பைக் காட்டி நான் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் இதுவே.