ஓவியர் கிராமம் உணர்த்தும் பொருளியல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்வோர், ஈஞ்சம்பாக்கத்தில் 'சோழமண்டலம் ஓவியர் கிராம'த்தைக் கடந்துதான் செல்கின்றனர். கொங்கு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் செல்லும் சுற்றுலாப் பேருந்துகளும் அவ்வழியேதான் போகின்றன. முதலைப் பண்ணைக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பகுதிகூடப் பெரும்பாலும் இக்கிராமத்துக்குக் கிடைப்பதில்லை.

உள்ளே சென்றால் சாலையின் இரைச்சல் சட்டெனத் தணிகிறது. மரநிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. எளிய வீடுகளும் அவற்றையொட்டிய பணிக்கூடங்களும் இருக்கின்றன. கடற்கரை நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. ஓர் அருங்காட்சியகமும், கண்காட்சிக் கூடங்களும், கவிதை வாசிப்புக்கும் நாட்டியத்துக்கும் இசைக்கும் பயன்பட்ட திறந்தவெளி அரங்கும் அங்கு உண்டு. இந்தியாவின் மிகப்பெரிய கலைஞர் குடியிருப்பு என்று அறியப்படும் இக்கிராமத்தின் அழகைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த அழகு தானாக வந்ததன்று என்பதும், அதன் அடியில் எளிமையும் உறுதியும் வாய்ந்த ஒரு பொருளாதார ஏற்பாடு இருக்கிறது என்பதும்தான் அதிகம் பேசப்படாத செய்தி.

இக்கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையின் மறைவால் இளமையிலேயே கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பச் சுமை சற்றுக் குறைந்த பின்னர், 1936-இல், தமது 25-ஆம் வயதில் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவரானார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரீனா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பே. பணிக்கர் பின்னர் அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். வயிற்றுப்பாட்டுக்கான வேலை, மனம் நாடும் கலை என்ற இரு முனைகளுக்கு இடையே இழுபடுவது எப்படிப்பட்டது என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

முதல்வராக அவர் எதிர்கொண்ட சிக்கல் கலைச் சிக்கல் அன்று, பொருளாதாரச் சிக்கல். திறமை மிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து வெளியேறினர். அவர்களுடைய ஓவியங்களை வாங்குவோர் சென்னையில் மிகச் சிலரே. மும்பையிலும் தில்லியிலும் கலைக்கூடங்களும் செல்வம் படைத்த புரவலர்களும் இருந்தனர். தெற்கே அத்தகைய சந்தை உருவாகவில்லை. விளம்பர நிறுவனம், திரைப்பட விளம்பரப் பலகை, பள்ளி ஓவிய ஆசிரியர் பணி ஆகியவையே அவர்களுக்குத் திறந்திருந்த வழிகள். அவ்வழியே சென்றவர்களில் பலர் நாளடைவில் தமக்கென வரைவதையே நிறுத்தியிருப்பர்.

இதில் ஒரு பொதுவிதி அடங்கியிருக்கிறது. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் இருவர் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் குறித்து ஒரு நூலை வெளியிட்டனர். தொழிற்சாலையில் இயந்திரங்கள் மேம்பட மேம்பட ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் உற்பத்தி செய்யும் அளவு பெருகுகிறது. அதற்கேற்ப ஊதியமும் உயர்கிறது. ஆனால், நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தேவைப்பட்ட அதே நால்வரும் அதே நேரமும் இன்றும் தேவை. பிற துறைகளில் ஊதியம் உயரும்போது கலைஞனும் வாழ வேண்டும் என்பதால் கலையின் செலவும் உயர்ந்துகொண்டே போகும். அதன் உற்பத்தியோ உயராது. ஆகவே, கலை தன் வருவாயை மட்டும் நம்பி நிற்பது காலப்போக்கில் கடினமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கையால் தீட்டும் ஓவியத்துக்கும் கைத்தறிக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதற்கு உலகம் கண்ட விடைகள் பொதுவாக இரண்டு. ஒன்று, அரசோ கோயிலோ செல்வரோ புரவலராக நின்று கலைஞரைக் காப்பது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அவ்வாறு பிறந்தவையே. மற்றொன்று, சந்தை கேட்பதை வரைந்து கொடுப்பது. முதலாவதில் புரவலரின் விருப்பமும் இரண்டாவதில் வாங்குவோரின் விருப்பமும் கலைஞரின் கையைப் பிடித்து இழுக்கும். பாமோல் நூல் வெளிவந்த அதே 1966-இல், அதைப் பற்றி ஏதும் அறியாமலே, பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மூன்றாவது விடை ஒன்றைச் செயல்படுத்திக் காட்டினர்.

அதற்கான அடித்தளம் 1960-களின் தொடக்கத்திலேயே இடப்பட்டுவிட்டது. ஓவியம் விற்காவிட்டாலும் ஓவியனின் கைத்திறன் விற்கும் என்பதைப் பணிக்கர் கண்டார். ஓவியர்கள் ஒன்றிணைந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைப் பொருள்கள் செய்வதற்கு ஒதுக்கினர். தோல், உலோகம், சுடுமண் எனப் பலவற்றிலும் அவர்கள் கைவைத்தாலும், பெரிதும் கைகொடுத்தது பாத்திக் என்னும் துணி ஓவியம். துணியின் மீது உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடங்களில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த நுண்ணிய கோடுகளில் மட்டும் சாயம் கசிந்து வலைபோல் படரும். மெழுகை நீக்கி, மீண்டும் வரைந்து, அடுத்த நிறத்தில் தோய்ப்பார்கள். தேர்ந்த ஓவியரின் கையில் இத்துணிகள் சாதாரண வணிகப் பொருளைவிட உயர்ந்து நின்றன. விரைவாக விற்றும் தீர்ந்தன.

அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அன்று அது நகரத்துக்கு வெளியே, மீனவக் குப்பங்களுக்கு அருகில் இருந்த வெற்று மணற்பரப்பு. அடிப்படை வசதிகள் எதுவும் கிடையாது. அங்கே ஓவியர்கள் குடில்களும் எளிய வீடுகளும் கட்டிக்கொண்டு குடியேறினர். கோரமண்டல் என்று ஐரோப்பியர் நாவில் திரிந்த இக்கடற்கரையின் பழம்பெயரையே ஊருக்குச் சூட்டினர். பத்தே ஆண்டுகளுக்குள் கிராமம் தன் காலில் நிற்கத் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, பிழைப்புக்கான உழைப்பும் கலைக்கான உழைப்பும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. அரிசிக்கும் பருப்புக்கும் பாத்திக் பொறுப்பேற்றதால், ஓவியம் யாரையும் மகிழ்விக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டது. இரண்டாவது, தாங்கள் வாழும் நிலத்துக்குக் கலைஞர்களே உரிமையாளர் ஆயினர். மூன்றாவது, கண்காட்சிக் கூடம், விற்பனை, பராமரிப்பு ஆகியவை சங்கத்தின் பொதுப் பொறுப்பாயின. தனியொருவரால் தாங்க முடியாத செலவைப் பலர் பகிர்ந்துகொண்டனர். வீடு அவரவருடையது, விற்பனைக் கூடம் அனைவருடையது.

இதனால் விளைந்த கலை எத்தகையது? பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை இந்திய நவீன ஓவியத்தில் தனி இடம் பெற்றது. சாதகக் கட்டம் போன்ற வடிவங்கள், கணக்குக் குறிகள், படிக்க இயலாத எழுத்துகள் ஆகியவற்றால் நிறைந்த அவ்வோவியங்கள் எந்த வரவேற்பறைக்கும் அளவெடுத்துத் தீட்டப்பட்டவை அல்ல. சுல்தான் அலி பழங்குடி, நாட்டார் மரபுகளின் உருவங்களிலிருந்து தமக்கென ஒரு மொழியை உருவாக்கினார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயில் மரபை நினைவூட்டும் நவீன உலோகச் சிற்பங்களைப் படைத்தார். எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், ஜெயபால பணிக்கர், அனிலா ஜேக்கப் என்று நீளும் பட்டியலில் ஒருவர் நடை மற்றொருவருடையதைப் போன்றதன்று. கோட்டின் வலிமையையும் உள்ளூர் மரபையும் நம்பிய இவர்களுடைய முயற்சிகளே 'சென்னைக் கலை இயக்கம்' என்று பின்னர் பெயர் பெற்ற எழுச்சிக்கு உரமாயின.

கே. ராமானுஜம் என்ற ஓவியரைத் தனியே குறிப்பிட வேண்டும். மனநலச் சிக்கலோடும் பேச்சுத் தடையோடும் போராடிய அவர், வெளியுலகில் ஒரு வேலையில் நிலைத்திருப்பது அரிது. இக்கிராமம் அவருக்கு இருப்பிடமும் தோழமையும் தந்தது. கனவு மாளிகைகளும் விந்தை உயிர்களும் நிறைந்த அவருடைய மைக்கோட்டு ஓவியங்கள் இன்று பெரிதும் போற்றப்படுகின்றன. 1973-இல், முப்பத்து மூன்று வயதளவில், அவர் மறைந்தார். எந்த ஏற்பாட்டாலும் எல்லாத் துயரையும் தடுத்துவிட முடியாது. ஆயினும், அந்தச் சில ஆண்டுகளில் அவர் வரைந்தவை நமக்குக் கிடைத்ததற்கு இக்கிராமமும் ஒரு காரணம்.

நில உரிமையின் அருமை பின்னாளில்தான் முழுமையாகப் புலப்பட்டது. கலைஞர்கள் மலிவான இடம் தேடிக் குடியேறுவார்கள். அவர்கள் இருப்பதாலேயே அவ்விடம் கவர்ச்சி பெறும். கவர்ச்சியால் வாடகை உயரும். உயர்ந்த வாடகையைத் தர முடியாமல் முதலில் வெளியேறுவோரும் அவர்களே. நியூயார்க் நகரின் சோஹோ பகுதியில் கைவிடப்பட்ட ஆலைக் கட்டடங்களில் 1960-களில் குடியேறிய ஓவியர்களின் கதை இதற்குத் தக்க சான்று. அங்கு இன்று ஆடம்பரக் கடைகளே மிகுதி. ஈஞ்சம்பாக்கத்திலும் நிலவிலை உயராமல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்தது. பொழுதுபோக்குப் பூங்காக்களும் மாளிகைகளும் எழுந்தன. 2011-இல் ஊர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மணற்பரப்பாக இருந்தபோதே நிலத்தை வாங்கிவிட்டதால், அந்த விலையேற்றம் ஓவியர்களை விரட்டவில்லை.

ஆனால், ஒரு கேள்வி எஞ்சுகிறது. வீடு வாரிசுக்குச் செல்லும், தூரிகை செல்வதில்லை. 1977-இல் பணிக்கர் மறைந்தார். முதல் தலைமுறையில் பலர் இன்று இல்லை; சிலர் பாரிஸுக்கும் பெங்களூருக்கும் இடம்பெயர்ந்தனர். 2009-இல் இங்கு திறக்கப்பட்ட தற்காலக் கலை மையத்தின் அருங்காட்சியகம் சென்னை இயக்கத்தின் படைப்புகளைப் பாதுகாக்கிறது. அது அரிய பணி. எனினும், அருங்காட்சியகம் நேற்றைய கலையைத்தான் காக்க முடியும். இளம் ஓவியர் ஒருவருக்கு இன்று அதே சாலையில் ஓர் அறையேனும் எட்டும் விலையில் கிடைக்குமா என்பதில்தான் நாளைய கலை அடங்கியிருக்கிறது.

கடலில்லாத கொங்கு நாட்டுக்கு இதில் என்ன பாடம் என்று கேட்கலாம். பவானி ஜமக்காளம், நெகமம் சேலை, கோவை கோரா பருத்தி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. சென்னிமலையில் கைத்தறிக் கூட்டுறவு இயக்கம் வேரூன்றி வளர்ந்த பெருமையும் நமக்குண்டு. ஆயினும், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க விரும்புவதில்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. அப்பெயரால் வரும் விலையில் நெசவாளருக்கு எவ்வளவு சேரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. நூலும் வடிவமும் விற்பனையும் பிறர் கையில் இருக்க, கூலி மட்டுமே நெசவாளருடையதாக இருந்தால், புகழ் உயர்ந்தாலும் வாழ்வு உயராது. விசைத்தறியில் நெய்த வெளிமாநில விரிப்பு பவானி ஜமக்காளம் என்ற பெயரில் விற்கப்படும்போது, அந்தக் கூலிக்கும் ஆபத்து வருகிறது.

சோழமண்டலத்தின் வழி இங்கும் பொருந்தும். நெசவூர்களில் வீட்டோடு இணைந்த தறிக்கூடங்களுக்கான நிலத்தை, விலை ஏறும் முன்பே கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் வாங்கித் தரலாம். உறுப்பினர் தொழிலை விட்டால் அந்த இடம் வெளிச்சந்தைக்குப் போகாமல் மற்றொரு நெசவாளருக்கே செல்லும் வகையில் விதி வகுக்கலாம். நெய்தவரின் பெயர் துணியின் விளிம்பில் இடம்பெறலாம். வருபவர்கள் தறியைக் கண்டு, நெய்தவரிடமே வாங்கிச் செல்லும் விற்பனைக் கூடம் ஒன்று ஊருக்குள்ளேயே அமையலாம். இவற்றுக்குப் பெரும் மானியம் தேவையில்லை. சங்கங்கள் உறுப்பினர்களின் சொத்தாக உண்மையிலேயே இயங்குவதுதான் தேவை.

ஓர் ஊரின் கலைப் பண்பை அங்குள்ள மரங்களும் கடற்காற்றும் மட்டும் உருவாக்குவதில்லை. அங்கே யார் குடியிருக்க முடிகிறது, எதைச் செய்து பிழைக்க முடிகிறது என்பவையே அதை உருவாக்குகின்றன. கோவையில் பிறந்த ஓர் ஓவியர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு கடலோர மணலில் இதை மெய்ப்பித்துக் காட்டினார். பவானியிலும் நெகமத்திலும் அதைச் செய்ய நிலமும் கைகளும் இன்னும் இருக்கின்றன. இரண்டும் நெடுங்காலம் காத்திருக்கப் போவதில்லை.